இந்த ஞாயிறு ராம்ஸ் ஜெயிக்கணுமா, தோற்கணுமா? (லயன்ஸ்: பிளேஆஃப், டிராஃப்ட் இரண்டும் இங்கே)

பழையசிங்கம் | 3 ஜனவரி 2023

பேர்ஸை 41-10 என்று துவைத்து அனுப்பியாயிற்று. என்எஃப்எல் அமெரிக்கக் கால்பந்தில் நம் டெட்ராய்ட் லயன்ஸ் இப்போது 8-8, அதாவது எட்டு வெற்றி, எட்டுத் தோல்வி. அக்டோபர் முடியும்போது 1-6 என்று தரையோடு கிடந்த அணி, அதற்கப்புறம் ஆடிய ஒன்பது ஆட்டங்களில் ஏழை ஜெயித்திருக்கிறது. ஜனவரியில் உட்கார்ந்து பிளேஆஃப் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்று) கணக்குப் போடும் பாக்கியம் டெட்ராய்ட் ரசிகனுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. ஆகவே ஆசை தீரப் போட்டுப் பார்ப்போம்.

லீகில் நம் பாதியான என்எஃப்சியில் பிளேஆஃபுக்கு மிச்சமிருப்பது ஏழாவது இடம் மட்டும். அதற்கு மூன்று அணிகள் வரிசையில் நிற்கின்றன: நாம், கிரீன் பே, சியாட்டில். மூன்றும் 8-8. ஞாயிறு இரவு கிரீன் பேயின் மைதானமான லாம்போவில் நமக்கும் கிரீன் பேக்கும் ஆட்டம். கிரீன் பே ஜெயித்தால் அவர்கள் உள்ளே, கதை முடிந்தது. நாம் ஜெயித்தால் மட்டும் போதாது, அதே நாள் மாலை சியாட்டில் தன் ஊரில் ராம்ஸிடம் தோற்றிருக்க வேண்டும். நாமும் சியாட்டிலும் ஜெயித்து 9-8இல் நின்றால், அக்டோபர் 2 அன்று நம்மை 48-45 என்று தோற்கடித்ததற்காக அவர்கள் உள்ளே போவார்கள். அந்த ஆட்டத்தில் சியாட்டில் ஒரு முறைகூடப் பன்ட் செய்யவில்லை, அதாவது பந்தை உதைத்து நம்மிடம் ஒப்படைக்க வேண்டியே வரவில்லை. நம் டிஃபென்ஸைப் பற்றி இதற்கு மேல் என்ன சொல்ல?

இனிதான் சிக்கல். ராம்ஸின் இந்த ஆண்டு முதல் சுற்று பிக் (டிராஃப்டில் கல்லூரி வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) நம்முடையது. அவர்கள் 5-11. தோற்கத் தோற்க நம் பிக் மேலே ஏறும். செப்டம்பரிலிருந்து ராம்ஸ் தோற்கும்போதெல்லாம் இந்த இணையக் களத்தில் விசில் பறந்தது. இந்த ஒரு ஞாயிறு மட்டும் அவர்கள் ஜெயித்தாக வேண்டும்.

என் கட்சி தெளிவு. ராம்ஸ் ஜெயிக்கட்டும், பிக் இரண்டு மூன்று இடம் இறங்கினால் இறங்கட்டும். மற்றவர்கள் சொல்லுங்கள்.

டிராஃப்ட்பைத்தியம் | 3 ஜனவரி 2023

அண்ணா, நான் எதிர்க்கட்சி. திட்டுவதற்கு முன்னால் முழுதாகப் படியுங்கள்.

ராம்ஸ் தோற்றால் அந்த பிக் 5 அல்லது 6. ஜெயித்தால் 6-11 ஆகிவிடுவார்கள். ரைடர்ஸ், ஃபால்கன்ஸ், பாந்தர்ஸ் மூவரும் இப்போது 6-10. அந்த மூவரும் தோற்றால் நால்வரும் ஒரே கணக்கில் வந்து, நம் பிக் ஒன்பது வரைகூட இறங்கலாம். ஏனென்றால் கணக்கு சமமானால் யார் சுலபமான எதிரிகளோடு ஆடினார்களோ அவர்களுக்குத்தான் முன்னிடம். ராம்ஸ் ஆடிய அட்டவணை சுலபமானது இல்லை.

சொந்த பிக்கும் அப்படித்தான். பிளேஆஃப் போகாத அணிகளுக்கு 1 முதல் 18 வரை. உள்ளே போய்விட்டால் 19க்கு அப்பால். சரி, உள்ளே போய் என்ன செய்வோம்? ஏழாவது இடத்துக்காரன் இரண்டாவது இடத்துக்காரன் வீட்டுக்குப் போக வேண்டும். பெரும்பாலும் சான் ஃபிரான்சிஸ்கோ. அவர்கள் டிஃபென்ஸ் முன்னால் நம் குவாட்டர்பேக் (பந்தை வீசுபவர்) காஃப், நம் டிஃபென்ஸ் முன்னால் அவர்கள் ஓட்டக்காரர் மெக்காஃப்ரி. விட்டுக்கொடுத்த யார்டில் லீகிலேயே கடைசி இடம் நமக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கரோலினா நம்மேல் 320 யார்டு ஓடியது மறந்துவிட்டதா? ஓட்டத்தில் அது அவர்கள் அணியின் சாதனை!

இந்த டிஃபென்ஸின் நடுவில், இந்த டிராஃப்டில் வரும் ஜேலன் கார்ட்டர் நிற்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு வார இறுதி சந்தோஷத்துக்காகப் பத்து வருட ஆளைக் கைவிடுவதா?

புதுவரவு | 3 ஜனவரி 2023

அடிப்படைக் கேள்வி, கோபித்துக்கொள்ளாதீர்கள். டெட்ராய்ட் பக்கத்து பெர்மிங்ஹாமுக்குக் குடிவந்து இரண்டாவது குளிர்காலம்தான் ஆகிறது, அலுவலகத்தில் எல்லாரும் பேசுவதால் பார்க்க ஆரம்பித்தேன். ராம்ஸின் பிக் நம்மிடம் எப்படி வந்தது?

பழையசிங்கம் | 3 ஜனவரி 2023

கோபம் எதற்கு? 2021 ஜனவரியில் நம் குவாட்டர்பேக் ஸ்டாஃபோர்டை ராம்ஸுக்குக் கொடுத்தோம். பதிலுக்கு ஜாரெட் காஃப், 2021இன் மூன்றாம் சுற்று பிக், 2022, 2023 ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகள். ஸ்டாஃபோர்ட் போன முதல் வருடமே சூப்பர் பௌல் வாங்கிவிட்டார். அதனால் 2022இல் நமக்குக் கிடைத்தது கடைசி இடமான 32. அதையும் வேறு பிக்குகளையும் வைகிங்ஸிடம் கொடுத்து 12க்கு ஏறி ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்தோம். இந்த வருடம் ராம்ஸில் ஸ்டாஃபோர்ட், கூப்பர் கப், ஆரன் டொனால்ட் எல்லாரும் காயம். விளைவு 5-11.

இந்த ஒப்பந்தத்தைப் போட்ட நம் மேலாளர் பிராட் ஹோம்ஸ், ராம்ஸிலேயே பல வருடம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எந்தக் கடையில் எது மலிவு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கேண்டன்காரன் | 4 ஜனவரி 2023

டிராஃப்ட்பைத்தியம் தம்பிக்கு ஒரு பட்டியல் தருகிறேன். 2003இல் இரண்டாவது பிக், சார்லஸ் ராஜர்ஸ். 2004இல் ஏழாவது, ராய் வில்லியம்ஸ். 2005இல் பத்தாவது, மைக் வில்லியம்ஸ். மூன்று வருடம், மூன்று ரிசீவர் (பந்தைப் பிடிப்பவர்). அப்புறம் 2014இல் பத்தாவது இடத்தில் எரிக் எப்ரான். அதே டிராஃப்டில் 13ஆவதாக ராம்ஸ் யாரை எடுத்தார்கள் தெரியுமா? ஆரன் டொனால்ட். 2020இல் மூன்றாவதாக ஜெஃப் ஒகூடா. பிக் உயரமாக இருந்தால் போதும் என்றால் இந்த ஊரில் இந்நேரம் கோப்பை வைக்க இடம் இருந்திருக்காது.

இப்போது நம்மைத் தூக்கி நிறுத்துகிறவர்களைப் பாருங்கள். ஏமன்-ரா செயின்ட் பிரவுன் 112ஆவது பிக். கெர்பி ஜோசஃப் 97. ஆறாம் சுற்றில் வந்த ஜேம்ஸ் ஹூஸ்டன், நன்றி தெரிவித்தல் நாளில்தான் முதல்முதலாகக் களமிறங்கினார், அன்றிலிருந்து குவாட்டர்பேக்குகளைத் துரத்தித் துரத்திச் சாய்க்கிறார்.

நான் கேட்பது வேறு ஒன்றும் இல்லை, ஜனவரியில் ஒரு ஆட்டம். கடைசியாக நாம் பிளேஆஃபில் ஜெயித்தது 1992 ஜனவரி 5, டல்லாஸை 38-6. அன்றைக்குப் பிறந்த பிள்ளைக்கு நாளை 31 வயது முடிகிறது.

டிராஃப்ட்பைத்தியம் | 4 ஜனவரி 2023

பட்டியலில் சௌகரியமாக இரண்டு பேரை விட்டுவிட்டீர்கள். பெனே சூவல் ஏழாவது பிக். ஹட்சின்சன் இரண்டாவது பிக், அதுவும் பக்கத்து ஊர் பிளிமத் பையன். இந்த இருவர் இல்லாமல் இந்த ஏழு வெற்றியில் எத்தனை மிஞ்சும்? எப்ரானை எடுத்தவர்களும், அந்த மூன்று ரிசீவரை எடுத்த பழைய மேலாளர் மில்லனும் போய்விட்டார்கள். ஹோம்ஸ் கையில் உயரமான பிக் கொடுத்தால் வீணாகாது என்பதுதான் என் வாதம். நீங்கள் பழைய கடன்காரனைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

சியாட்டில்மழை | 4 ஜனவரி 2023

பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், அடிக்காதீர்கள்.

எங்கள் கதையும் இதேதான். ரசல் வில்சனை டென்வருக்கு அனுப்பியதில் அவர்களுடைய முதல் சுற்று பிக் எங்களிடம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று டென்வரை 51-14 என்று நொறுக்கியது யார்? உங்கள் ராம்ஸ்! அந்த ஒரே ஆட்டத்தில் உங்கள் பிக் இறங்கியது, எங்கள் பிக் ஏறியது. மறுநாளே டென்வர் தன் கோச்சையும் அனுப்பிவிட்டது. ராம்ஸுக்கு எங்கள் ஊரில் ஒரு சிலை வைக்கலாம் என்றிருக்கிறோம். ஞாயிறன்று தோற்றுவிட்டுப் போனால் நிச்சயம்.

பழையசிங்கம் | 4 ஜனவரி 2023

வாருங்கள், சிலைக்கு நாங்களும் பணம் தருகிறோம், ஆனால் ஜெயித்த பிறகு.

திங்கள் இரவு சின்சினாட்டியில் பஃபலோ வீரர் டமார் ஹாம்லின் ஆட்டத்தின் நடுவில் சுருண்டு விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த வாரம் இந்தக் கணக்கெல்லாம் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கும் இருக்கிறது. பையன் எழுந்து வரட்டும்.

கேண்டன்காரன் | 6 ஜனவரி 2023

ஹாம்லின் கண் விழித்துவிட்டார் என்று செய்தி. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. இனி நிம்மதியாகச் சண்டை போடலாம்.

எனக்குத் தூக்கம் கெடுப்பது கைவிட்ட ஆட்டங்கள்தான். செப்டம்பரில் மினியாபோலிஸில் மூன்று பாயின்ட் முன்னிலை, நான்காவது டவுனில் (கடைசி முயற்சியில்) இன்னும் நாலு யார்டு வேண்டும். அந்த நாள் முழுக்கத் துணிந்து ஆடிய நம் கோச் கேம்ப்பெல் அந்த ஒரு முறை மட்டும் 54 யார்டு கிக்குக்கு ஆளை அனுப்பினார். கிக் தவறியது. சில நொடிகளில் அவர்கள் டச்டவுன், 28-24. நவம்பரில் பஃபலோவிடம் கடைசி இரண்டு நொடி மிச்சமிருக்க ஒரு கிக், 28-25. இந்த இரண்டில் ஒன்றை ஜெயித்திருந்தாலும் ஞாயிறன்று யார் தயவும் நமக்குத் தேவைப்பட்டிருக்காது.

புதுவரவு | 6 ஜனவரி 2023

அப்படியானால் 1-6இல் இருந்தபோது கோச்சை ஏன் மாற்றவில்லை? டென்வர் மாற்றிவிட்டதே.

பழையசிங்கம் | 6 ஜனவரி 2023

வழக்கமாக இந்த ஊரில் அதைத்தான் செய்திருப்பார்கள். அக்டோபரில் டல்லாஸ் தோல்விக்கு அப்புறம் உரிமையாளர் ஷீலா ஃபோர்ட் ஹாம்ப் தாமே வந்து பத்திரிகையாளர்களிடம் பேசினார். கேம்ப்பெல் மேலும் ஹோம்ஸ் மேலும் நம்பிக்கை இருக்கிறது என்றார். மாதக் கடைசியில் பின்வரிசை கோச் ஒருவரை மட்டும் அனுப்பினார்கள். மறுநாள் நம் ஆட்டக்காரர் ஹாக்கன்சனை, அதுவும் நம் டிவிஷனிலேயே இருக்கும் மினசோட்டாவுக்கு விற்றார்கள். வந்தது இந்த வருட இரண்டாம் சுற்று பிக்கும் அடுத்த வருட மூன்றாம் சுற்று பிக்கும். அன்று இந்தக் களத்தில் எழுந்த சத்தம் உங்களுக்குத் தெரியாது. 'மறுபடியும் கடையைக் கட்டுகிறார்கள்' என்றுதான் எல்லாரும் எழுதினார்கள். அந்த வாரமே கிரீன் பேயை 15-9 என்று மடக்கினோம். அவர்கள் குவாட்டர்பேக் ராஜர்ஸ் மூன்று இன்டர்செப்ஷன் (வீசிய பந்தை எதிரணி பறிப்பது) கொடுத்தார், இரண்டு கெர்பி ஜோசஃபுக்கு, ஒன்று ஹட்சின்சனுக்கு. காஃப் கடைசியாக இன்டர்செப்ஷன் கொடுத்ததும் அந்த ஆட்டத்தில்தான். அதற்கப்புறம் இன்றுவரை ஒன்றுகூட இல்லை.

இந்த ஆட்களைப் போய் 'தோற்றால் நல்லது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிக் என்பது அணியைக் கட்டுவதற்கு. கட்டிய அணி ஜெயிக்க ஆரம்பித்த பிறகும் பிக்கையே பார்த்துக்கொண்டிருந்தால், இத்தனை வருடம் எதற்குக் காத்திருந்தோம்?

டிராஃப்ட்பைத்தியம் | 6 ஜனவரி 2023

நம் ஆட்கள் தோற்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. லாம்போவில் ஜெயிக்கட்டும், ராஜர்ஸை வீட்டுக்கு அனுப்பட்டும், எனக்கும் குளிரும். ராம்ஸ் தோற்கட்டும் என்பதுதான் நான் சொன்னது. இரண்டும் ஒரே நாளில் நடக்கலாம்.

கேண்டன்காரன் | 6 ஜனவரி 2023

நடந்தால் நாம் வெளியே.

டிராஃப்ட்பைத்தியம் | 6 ஜனவரி 2023

வெளியேதான். ஆனால் 9-8, கையில் 6ஆம் பிக், 18ஆம் பிக், மினசோட்டாவின் இரண்டாம் சுற்று. எந்த அணி ரசிகனையாவது கேளுங்கள், கையெழுத்துப் போடுவானா இல்லையா என்று.

கேண்டன்காரன் | 8 ஜனவரி 2023, மாலை

சியாட்டில் ஆட்டம் 16-16. கடைசி நொடியில் சியாட்டிலின் மையர்ஸ் போட்ட 46 யார்டு கிக். கம்பத்தில் பட்டு வெளியே! ஓவர்டைம்!! அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டாத குறை.

சியாட்டில்மழை | 8 ஜனவரி 2023, மாலை

எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

பழையசிங்கம் | 8 ஜனவரி 2023, மாலை

ராம்ஸின் மேஃபீல்ட் நீளமாக ஒன்றைத் தூக்கிப் போட்டார். கீழே நின்று பிடித்தவர் குவாண்ட்ரே டிக்ஸ். நம் டிக்ஸ். 2019 அக்டோபரில், சீசன் நடுவில், நாம் சியாட்டிலுக்குச் சல்லிசாகத் தள்ளிவிட்ட அதே டிக்ஸ்.

பழையசிங்கம் | 8 ஜனவரி 2023, இரவு

மையர்ஸ் இந்த முறை 32 யார்டிலிருந்து போட்டுவிட்டார். 19-16. லாம்போவில் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலேயே நாம் வெளியே. நடுவர்களைப் பற்றி எனக்கும் நிறையச் சொல்ல இருக்கிறது, நாளை சொல்கிறேன்.

டிராஃப்ட்பைத்தியம் தம்பி, உங்கள் பாதி நடந்துவிட்டது.

டிராஃப்ட்பைத்தியம் | 8 ஜனவரி 2023, இரவு

ஜெயித்த மாதிரியே இல்லை, அண்ணா. டென்வரும் ஜெயித்துவிட்டது, இப்போது அவர்களும் 5-12, ராம்ஸும் 5-12. அட்டவணைக் கணக்கில் டென்வர் முன்னால். ஆக சியாட்டிலுக்கு 5, நமக்கு 6. அவர்கள் பிளேஆஃப் போகவும் நாம்தான் ஜெயிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் கிரீன் பேக்கு. அதாவது இன்றிரவு நாம் சியாட்டிலுக்காக ஆடுகிறோம்.

சியாட்டில்மழை | 8 ஜனவரி 2023, இரவு

வீட்டில் உங்கள் அணியின் ஹொனலுலு நீலத்தில் ஒரு சட்டையும் இல்லை. மனைவியின் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வாழ்க லயன்ஸ்.

கேண்டன்காரன் | 8 ஜனவரி 2023, நள்ளிரவு நெருங்க

20-16!!!

பழையசிங்கம் | 9 ஜனவரி 2023

நிதானமாக எழுதுகிறேன். இந்த ஆட்டத்தில் நமக்குக் கிடைக்க எதுவுமே இல்லை. சொல்லப்போனால் தோற்றிருந்தால் சொந்த பிக் ஏறியிருக்கும். பாதி ஆட்டத்தில் 9-6 என்று பின்தங்கினோம். மூன்றாவது கால்பகுதியில் நம் ஓட்டக்காரர் ஜமால் வில்லியம்ஸ் ஒரு யார்டிலிருந்து கோல் கோட்டுக்குள் நுழைந்தார். அவர்கள் மறுபடி முந்தினார்கள், 16-13. கடைசிக் கால்பகுதியில் நாம் கோல் கோட்டை நெருங்கியிருந்தபோது, அடிபட்ட நம் ஆளைக் கவனிக்க ஓடிவந்த மருத்துவக் குழு ஊழியரை கிரீன் பேயின் குவே வாக்கர் பிடித்துத் தள்ள, அவரை வெளியேற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் ஜமால் இன்னொரு முறை நுழைந்தார். சீசனில் அது 17ஆவது டச்டவுன் ஓட்டம். 1991இல் பேரி சாண்டர்ஸ் வைத்த 16 என்ற அணி சாதனை போய்விட்டது. கிரீன் பே வேண்டாம் என்று விட்டுவிட்ட ஆள், கிரீன் பேயிலேயே! ஆட்டம் முடிந்து தன் கொள்ளுத்தாத்தாவை நினைத்துக் கேமரா முன்னால் அழுதபோது இங்கே நானும் ஒரு பேப்பர் டவலை எடுத்தேன்.

ராஜர்ஸின் கடைசி முயற்சி மறுபடி கெர்பி ஜோசஃப் கையில். இந்த சீசனில் அவரிடமிருந்து கெர்பி பறித்த மூன்றாவது பந்து. மிச்ச நேரத்தை நம் ஆட்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே ஓட்டினார்கள். நடுவில் ஒரு நான்காவது டவுன். எல்லாரும் கிக் போடும் இடத்தில் கேம்ப்பெல் பாஸ் போடச் சொன்னார், காஃப் சார்க்குக்குப் போட்டார். செப்டம்பரில் மினியாபோலிஸில் செய்யாததை ஜனவரியில் லாம்போவில் செய்தார்.

9-8. கிரீன் பே வீட்டுக்கு.

சியாட்டில்மழை | 9 ஜனவரி 2023

நன்றி. நிஜமாகவே நன்றி. துப்பட்டாவைத் துவைத்து மடித்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

டிராஃப்ட்பைத்தியம் | 9 ஜனவரி 2023

6, 18. நான் சொன்ன எண்கள். ஆனால் நேற்று இரவு பிக்கைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கேண்டன்காரன் | 28 ஏப்ரல் 2023

இழையைத் தூசி தட்டி எழுப்புகிறேன். தம்பி எங்கே? 6ஐ வைத்துக்கொண்டு உங்கள் ஹோம்ஸ் செய்ததைப் பார்த்தீர்களா? 12க்கு இறங்கி ஒரு ரன்னிங் பேக்!

டிராஃப்ட்பைத்தியம் | 28 ஏப்ரல் 2023

காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை.

நடந்தது இதுதான். நம் முன்னால் 5இல் சியாட்டில். அவர்கள் டெவன் விதர்ஸ்பூனை எடுத்தார்கள். நம் ஆட்கள் கண் வைத்திருந்த கார்னர்பேக் (எதிரணி ரிசீவர்களைத் தடுப்பவர்) அவர்தான் என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்த நிமிடமே பிக்கை அரிசோனாவிடம் தள்ளிவிட்டார்கள். 6ஐயும் 81ஐயும் கொடுத்து 12, 34, 168 வாங்கினார்கள். பிக்குகளுக்கு மதிப்புப் போடும் ஜிம்மி ஜான்சன் அட்டவணையில் 6க்கு 1600, 81க்கு 185. பதிலுக்கு 12க்கு 1200, 34க்கு 560, மேலே சில்லறை. கிட்டத்தட்ட ஒரு பைசா பிசகாத வியாபாரம். வியாபாரத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 12இல் ஜாமிர் கிப்ஸ்? 18இல் ஜாக் கேம்ப்பெல் என்று ஒரு லைன்பேக்கர்? இருவரையும் இன்னும் கீழே வாங்கியிருக்கலாம். ஜேலன் கார்ட்டர் 9 வரை நழுவி ஃபிலடெல்ஃபியா போய்ச் சேர்ந்தார். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சியாட்டில்மழை | 28 ஏப்ரல் 2023

பிளேஆஃபிலும் உங்களுக்கு ஒரு இடம் முன்னால், டிராஃப்டிலும் ஒரு இடம் முன்னால். வேண்டுமென்று செய்யவில்லை. பிளேஆஃபில் போய் சான் ஃபிரான்சிஸ்கோவிடம் 41-23 வாங்கி வந்தோம் என்பதையும் சேர்த்து வைத்து மன்னியுங்கள்.

பழையசிங்கம் | 28 ஏப்ரல் 2023

கிப்ஸைப் பற்றி இவ்வளவு கொதிக்க வேண்டாம். ஜமால் நியூ ஆர்லியன்ஸ் போய்விட்டார். ஸ்விஃப்ட் இருக்கிறார், ஆனால் உடம்பு ஒத்துழைப்பதில்லை. பந்தைப் பிடித்துவிட்டு ஓடுகிற ஒருவர் இந்த ஆட்டமுறைக்கு வேண்டும், போதாக்குறைக்கு ஜேமிசன் வில்லியம்ஸுக்குச் சூதாட்ட விதியை மீறியதற்காக ஆறு ஆட்டம் தடை. கார்னர்பேக்குக்கு மார்ச்சிலேயே சட்டனையும் மோஸ்லியையும் காசு கொடுத்து வாங்கிவிட்டார்கள். ஒகூடாவைக்கூட அட்லாண்டாவுக்கு ஒரு ஐந்தாம் சுற்று பிக்குக்குத் தள்ளியாயிற்று. இடத்துக்கு விலை அதிகம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆள் தப்பு என்று இப்போதே எப்படிச் சொல்வது?

புதுவரவு | 28 ஏப்ரல் 2023

ஜனவரியில் ராம்ஸ் ஜெயித்திருந்தால் இந்த பிக் என்ன ஆகியிருக்கும்?

டிராஃப்ட்பைத்தியம் | 28 ஏப்ரல் 2023

ஃபால்கன்ஸும் பாந்தர்ஸும் அன்று ஜெயித்துவிட்டார்கள். ரைடர்ஸ் மட்டும்தான் 6-11இல் நின்றது. ஆக 6 அல்லது 7. ஆமாம், ஒரு இடம்தான். அண்ணா சிரிக்க வேண்டாம்.

இன்று மாலை இரண்டாம், மூன்றாம் சுற்று. கையில் 34, 48, 55. அலபாமாவின் பிரையன் பிராஞ்ச் நேற்றே போயிருக்க வேண்டியவர், இன்னும் இருக்கிறார். 48 வரை இருக்க மாட்டார். யாராவது ஹோம்ஸிடம் போய் மேலே ஏறச் சொல்லுங்கள்.

கேண்டன்காரன் | 28 ஏப்ரல் 2023, இரவு

34இல் அயோவாவின் சாம் லபோர்ட்டா. ஹாக்கன்சன் இடத்துக்கு ஆள் வந்துவிட்டார், அவரும் அயோவாதான்.

டிராஃப்ட்பைத்தியம் | 28 ஏப்ரல் 2023, இரவு

45. பிராஞ்ச்!! ஏறிவிட்டார்கள். 48ஐயும் 159ஐயும் கொடுத்திருக்கிறார்கள். 159 எது தெரியுமா? ஒகூடாவுக்கு அட்லாண்டா தந்தது. விற்றது யார் தெரியுமா? கிரீன் பே.